மறு: 'ரெகுலேட்டரி கேப்சர்' – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு தொழில மக்களுக்காக கட்டுப்படுத்த வந்த அரசு அமைப்பே அந்தத் தொழிலுக்கு சாதகமா சாஞ்சுடறதத்தான் 'ரெகுலேட்டரி கேப்சர்'ங்கறாங்க. நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு அதுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுறோம், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'வேலிமேய்வு'ன்னு வச்சா என்ன? சட்டுனு புரியும்.

புரியும் ஐயா, ஆனா தப்பா புரியும். வேலியே பயிரை மேயுதுன்னா நாம லஞ்சம், ஊழல்னுதான் எடுத்துக்குவோம். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971ல சொன்னது வேற: ஒழுங்குமுறைய பெரும்பாலும் அந்தத் தொழிலே கேட்டு வாங்கி தனக்கு சாதகமா நடத்திக்குது, அதுக்கு யாரும் சட்டத்த மீறணும்னுகூட இல்ல. அமெரிக்காவோட விமானப் போக்குவரத்து வாரியத்த பாருங்க, 1938லேர்ந்து 1978 வரைக்கும் நாப்பது வருஷம் மாநிலம் விட்டு மாநிலம் பறக்குற பெரிய கம்பெனிங்க வரிசையில புதுசா ஒருத்தரையும் சேர்க்கல, டிக்கெட் விலையும் வாரியம் கையிலதான், ஆனா கலிபோர்னியாவுக்குள்ளயே பறந்த விமானத்துமேல அதுக்கு அதிகாரம் இல்லாததால அங்க கிட்டத்தட்ட பாதி விலைக்கு டிக்கெட் கெடச்சுது. இங்க வேலி மேயல. உள்ள இருக்குற நாலு மாட்டுக்காக வெளிமாடு வராம காவல் நிக்குது.

> லிபர்டேரியன்கள் (அரசு தலையீடு கூடாதுங்கறவங்க) சுற்றுச்சூழல் சட்டமே வேணாம்னு சொல்றதுக்கு தூக்கிட்டு வர்ற சொல் இது, நமக்கெதுக்கு?

அக்கா, உங்க கோபம் எனக்கும் உண்டு. பக்கத்து வீட்டுப் புகை என் நிலத்துக்குள்ள வந்தா அது அத்துமீறல், கோர்ட்டுக்குப் போ, வாரியம் எதுக்குன்னு லிபர்டேரியன் பொருளாதார அறிஞர் ராத்பார்ட் சொல்லுவார். லட்சம் புகைபோக்கி இருக்குற ஊர்ல யார்மேல கேஸ் போடறதுன்னு கேட்டா அதுல எனக்கு திருப்தியான பதில் கெடைக்கல. ஆனா நோய்க்குப் பேர் வேணும்தானே? 1977ல அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்த திருத்தினப்ப, புது அனல்மின் நிலையம் கந்தகம் கம்மியான மேற்கத்தி நிலக்கரிய எரிச்சாலும் புகையக் கழுவுற கருவி மாட்டியே ஆகணும்னு ஆச்சு, மேற்கத்தி நிலக்கரிக்கு இருந்த சாதகம் போச்சு, கந்தகம் அதிகமான கிழக்கத்தி சுரங்கக்காரங்களுக்கு அது ரொம்ப வசதி. காத்துமேல அக்கறை இருக்குறவங்கதான் இதுக்கு மொதல்ல கோபப்படணும்.

இன்னொருத்தர் 'கங்காணித்தனம்'னு எழுதியிருந்தார். கங்காணி ஆரம்பத்துலேர்ந்தே தோட்ட முதலாளியோட ஆள். இங்க மக்களுக்காகன்னு போட்ட ஆணையம் பிற்பாடு கம்பெனி பக்கம் சாயுது, அந்த சாய்வு சொல்லுல தெரியணும்.

எனக்கு ரொம்ப நாளா சிக்கின எடம் இலக்கணம். 'கைப்பற்றல்'னா கம்பெனி வேணும்னே பிடிச்சுச்சுன்னு ஆகுது, 'வசமாதல்'னா தானா நடந்துச்சுன்னு ஆகுது. உண்மையில ரெண்டும் உண்டு. சில எடத்துல காசும் ஓட்டும் வேலை செய்யுது, சில எடத்துல ஆணையத்துக்கு விவரமெல்லாம் கம்பெனிகிட்டேர்ந்தே வரணும், அதிகாரி நாளைக்கு அங்கயே வேலைக்குப் போவார், மெல்ல மெல்ல அவங்க கண்ணாலயே பார்க்க ஆரம்பிச்சுடறார்.

அதனால என் பரிந்துரை ஆணைய வயப்பாடு. கட்டுப்படு – கட்டுப்பாடு, ஈடுபடு – ஈடுபாடு மாதிரி வயப்படு – வயப்பாடு. யார் செஞ்சாங்கன்னு சொல் தீர்ப்பு சொல்லாது, யார் வயம்னு வாக்கியம் சொல்லட்டும்: 'விமான வாரியம் கம்பெனிகளுக்கு வயப்பட்டது.' கட்டுப்பாடு பண்ண வந்தது வயப்பாட்டுல கெடக்குதுன்னு இயைபாவும் வருது, எனக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு.

வெறும் 'வயப்பாடு'ன்னு மட்டும் பட்டியல்ல ஏத்தாதீங்க, உளவியல்காரங்களுக்கும் அந்த சொல் தேவைப்படலாம். கமிஷன், வாரியம், அத்தாரிட்டி மூணுக்கும் 'ஆணையம்' தாங்குமான்னு நிர்வாகத்துல இருந்தவங்க சொல்லுங்க.