கன்வெர்ட்டர் போல்ட் எட்டவில்லை: பெல் ஹவுசிங்கில் துளை போடலாமா? (அவசரம்)

கோத்தகிரி ஜீப் | ஞாயிறு இரவு 9.40
கியர்பாக்ஸை மூன்றாவது தடவையாக இறக்கப் போகிறேன். என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் கன்வெர்ட்டரின் போல்ட்டுக்குக் கையே போகவில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகத்தான் வேலை. ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம். போன தடவை ஸ்பேனர் நழுவிப் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. கன்வெர்ட்டரை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் ஒரு துளை போட்டுவிடலாமா? விரிசல் விடுமா? வியாழக்கிழமை தேயிலை ஏற்ற வண்டி வேண்டும்.

அருவங்காடு | 9.52
என்ன வண்டி, என்ன கியர்பாக்ஸ்? பெல் ஹவுசிங் தனியாகக் கழலுமா, பாக்ஸோடு ஒரே வார்ப்பா? அடியில் மூடி இல்லையா? எதற்காக மூன்று தடவை இறக்குகிறீர்கள்?

பழைய டீசல் | 10.05
வண்டி பெயரைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் என்ன செய்வது தம்பி? துளை போடுவது கடைசி வழி. முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, என்ஜின் சுற்றும் திசையில் மட்டும் திருப்பி, ஒவ்வொரு போல்ட்டாக ஸ்டார்ட்டர் ஓட்டைக்குக் கொண்டு வர வேண்டும். டீசல் கம்ப்ரஷன் எதிர்க்கும், குளோ பிளக்குகளைக் கழற்றினால் லேசாகச் சுற்றும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது முதல் வேலை. இது பட்டறைப் பையனுக்கே தெரியும்.

வெலிங்டன் | 10.20
ஆயில் கசிவுக்காகத்தானே இறக்குகிறீர்கள்? முதலில் பிரீதரை (கியர்பாக்ஸின் காற்றுப் போக்கி) பாருங்கள். சேறு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிச் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். என் வண்டியில் அதுதான்.

கோத்தகிரி ஜீப் | திங்கள் காலை 6.15
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பழைய ஜீப். டீசல் என்ஜின் ஒரு வண்டியினுடையது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வேறு வண்டியினுடையது. நடுவில் ஒரு பட்டறையில் கடைந்த அடாப்டர் பிளேட். பெல் ஹவுசிங் தனியாகக் கழலும். கன்வெர்ட்டருக்கு ஆறு போல்ட், 14 ஸ்பேனர். அடியில் மூடி இருக்கிறது, ஆனால் என்ஜின் சம்ப்பின் (அடி ஆயில் தொட்டி) பின்விளிம்பு அதை முக்கால்வாசி மறைக்கிறது. கியர்பாக்ஸ் பம்ப் ஆயில் சீல் இரண்டு முறை மாற்றியாயிற்று. பிரீதர் சுத்தம். இரண்டு மாதத்தில் மறுபடி சிவப்பு ஆயில் சொட்டுகிறது.

காரமடை லேத் | 7.30
அண்ணா, இப்போதுதான் விஷயம் புரிகிறது. துளை போடலாம், தனியாகக் கழலும் ஹவுசிங் என்பதால் வசதிதான். ஆனால் வண்டியில் மாட்டியிருக்கும்போது போடாதீர்கள். அலுமினியத் துருவல் பம்புக்குள் ஒரு சிட்டிகை போனாலும் பாக்ஸ் போச்சு. இந்த ஒரு தடவை கஷ்டப்பட்டு இறக்கி, ஹவுசிங்கைத் தனியாகக் கழற்றி மேசை மேல் வைத்து வெட்டுங்கள்.

வெட்டும் இடம் முக்கியம். என்ஜினோடு சேரும் விளிம்பு, மையம் பிடிக்கும் டவல் பின் துளைகள், ரிப் (வார்ப்பின் வலுவூட்டும் மேடு) இவற்றைத் தொடக் கூடாது. இரண்டு ரிப்களுக்கு நடுவே சப்பையாக இருக்கும் இடம், சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் நேராகப் போகும் உயரம். அட்டையில் வார்ப்புரு வெட்டி ஒட்டிப் பாருங்கள். ஹோல் சாவில் (வட்டமாக அறுக்கும் ரம்பம்) இரண்டு வட்டம் போட்டு நடுவை அரத்தால் இணையுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும், உருண்டையாக இருக்கட்டும். மண்ணெண்ணெய் விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும். பிறகு 2 மி.மீ. தகட்டில் ஒரு மூடி. அடியில் சின்ன வடிகால் துளை விடுங்கள், அடுத்த கசிவு வந்தால் கண்ணில் படும்.

ஆனால் சீல் ஏன் இரண்டு மாதம்தான் தாங்குகிறது? அடாப்டர் பிளேட் மையம் தப்பியிருக்கும் என்பது என் சந்தேகம். கன்வெர்ட்டர் கழுத்து ஒரு பக்கமாகத் தள்ளாடிச் சுற்றினால் பம்ப் புஷ்ஷையும் சீலையும் தின்றுவிடும். கிராங்கில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) மாட்டி ஹவுசிங் வாயைச் சுற்றிப் பாருங்கள். 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

மசினகுடி | 8.10
அதையெல்லாம் விட்டுவிட்டு மேனுவல் பாக்ஸ் போடுங்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் ஆட்டோமேட்டிக்கை நம்பக் கூடாது.

பழைய டீசல் | 8.25
தவறான தகவல். செலக்டரை எல்-இல் (தாழ்ந்த கியர்) போட்டால் என்ஜின் பிடிக்கும். டி-யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவர்களால்தான் பிரேக் காய்ந்து போகிறது. பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

மசினகுடி | 8.40
மேனுவலில் இரண்டாவது கியர் போட்டால் போட்டதுதான், பத்து வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன். அப்புறம் ஏற்றத்தில் கன்வெர்ட்டர் வழுக்கி ஆயிலைக் கொதிக்க வைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய டீசல் | 8.47
அதற்குத்தான் தனி ஆயில் கூலர். யாரும் போடுவதில்லை.

அருவங்காடு | 9.30
இந்த என்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இல் மாட்டினால் கசிவைவிடப் பெரிய தலைவலி.

காரமடை லேத் | 10.15
அது வேறு பேச்சு. அண்ணா, திரும்ப ஏற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். கன்வெர்ட்டரை அழுத்திக்கொண்டே சுற்றினால் மூன்று படியாக உள்ளே இறங்கும், கடைசிப் படியில்தான் பம்ப் பிடிக்கும். ஹவுசிங் போல்ட் முழுக்க இறுகிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், கன்வெர்ட்டரை மாட்டும் என்ஜின் பக்கத் தகடான பிளெக்ஸ் பிளேட்டுக்கு முன்னால் 3 மி.மீ. அளவில் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து மூடினால் பம்ப் உடையும். ஆறு போல்ட்டும் ஒரே நீளமா என்றும் பாருங்கள். நீளமானது கன்வெர்ட்டர் முகத்தில் முட்டி உள்ளே புடைக்க வைக்கும்.

கோத்தகிரி ஜீப் | புதன் இரவு 11.05
காரமடை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி. கேஜில் பார்த்ததில் அடாப்டர் பிளேட் 0.018 அங்குலம் தப்பியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் டவல் துளைகளை அடைத்து மறுபடி கடைந்து வாங்கினேன். பம்ப் புஷ் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். இடது அடியில் துளை போட்டாயிற்று. திரும்ப மாட்டும்போது ஆறு போல்ட்டும் இருபது நிமிடம். காலையில் இலை ஏற்ற வேண்டும், படம் பிறகு போடுகிறேன்.

காரமடை லேத் | வியாழன் காலை 7.10
நல்லது அண்ணா. பழைய ஆறு போல்ட்டும் ஒரே நீளமாக இருந்ததா?

வெலிங்டன் | ஞாயிறு மாலை 5.20
துளை படம் போடுகிறேன் என்றீர்களே? எனக்கும் அதே வேலை வருகிறது.