மறு: துவாய்ச் சூடாக்கி – ‘வெப்பச் சீராக்கி’ ஒன்றே போதுமா?

வணக்கம். சுடுநீராலோ மின்சாரத்தாலோ சூடாகி, குளியலறையில் துவாயை (டவலை) காயவைக்கிற சட்டம்தான் துவாய்ச் சூடாக்கி. அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போன்ற கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ‘வெப்பச் சீராக்கி’ என்றே போட்டுவிடலாம். வாசிக்கிறவருக்குக் குழப்பம் வராது.

கல்முனைத் தம்பி, குழப்பம் வருவதே அதில்தான். சீராக்கி என்று வாசித்ததும் எங்கட ஆட்களுக்கு விசிறியின் ரெகுலேட்டர்தான் நினைவுக்கு வரும்: 1 மெல்ல, 5 வேகம். சுவிஸ், லண்டன் வீடுகளில் துவாய்ச் சூடாக்கியின் அடியில் இருக்கிற வால்வுத் தலையிலும் 1 முதல் 5 வரைதான் எழுதியிருக்கும். ஆனால் அங்கே இலக்கம் குறிப்பது அறை எட்டவேண்டிய வெப்பநிலையை. 3 என்றால் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ். குளிர்கிறது என்று 5இல் திருகினால் அறை விரைவாகச் சூடேறாது, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். சாதாரணத் தலைக்குள் மின்சாரமும் கிடையாது. உள்ளிருக்கும் மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து வால்வின் ஊசியைத் தள்ள, சுடுநீர் வரும் வழி அடைபடும்.

அதனால் நான் ‘வெப்பநிறுத்தி’ பக்கம். ஓரளவில் நிறுத்தி வைப்பதும் ஓட்டத்தை நிறுத்துவதும் இரண்டுமே அதற்குள் வந்துவிடுகின்றன.

அடுத்தது, எதன் சூட்டைப் பார்த்து நிறுத்துகிறது? இதைச் சொல்லாத பெயரை வைத்துக்கொண்டு கடையில் ஒருவர் சரியான கருவியைத் தெரிய முடியாது. குளியலறையில் வேலை இரண்டு: அறையைச் சூடாக்குவது, துவாயைக் காயவைப்பது. வால்வு அறைக் காற்றை மட்டுமே பார்க்கிறது. அறை சூடானதும் மூடிக்கொள்ளும், துவாய் ஈரமாகவே கிடக்கும். துவாய் அந்தத் தலையின் மேல் தொங்கினால் இன்னும் மோசம், சூடு அடைபட்டு அறை குளிராக இருக்கும்போதே மூடிவிடும். மட்டக்களப்பில் ஒன்றைப் பூட்டி (பொருத்தி) பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி அடைமழையிலும் இங்கே வீட்டுக்குள் 20 பாகைக்கு இறங்காது. 3இல் வைத்த வால்வு திறக்கவே திறக்காது, துவாய் மட்டும் மணக்கும்!

உள்ளிருந்து சூடாக்கும் மின்சாரக் கோல் பொருத்திய சூடாக்கியில் சில கருவிகள் கோலின் அல்லது உள்ளிருக்கும் நீரின் சூட்டைப் பார்க்கும். சிலவற்றுக்கு நேரம் மட்டும்தான் கணக்கு, இரண்டு மணித்தியாலம் ஓடிவிட்டு அணைந்துவிடும். துவாய் காயத்தான் வாங்குவதென்றால் இந்தக் கடைசி வகையே போதும் என்பது என் எண்ணம்.

ஆக என் முன்மொழிவு: ‘அறை வெப்பநிறுத்தி வால்வு’, ‘கோல் வெப்பநிறுத்தி’, ‘நேர ஆளி’. ஒருவர் எழுதிய ‘நேரநிறுத்தி’ வேண்டாம், காலத்தையே நிறுத்துகிற மந்திரவாதி போல இருக்கிறது. ஆளி இலங்கைப் பாடப்புத்தகத்தில் பழகிய சொல். தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புதிதாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் ‘ஸ்விட்ச்’ போடுங்கள். டவலா துவாயா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஒன்று மிச்சம் இருக்கிறது. சூடாக்கியின் மற்றக் கரையில், மூடி போட்ட இன்னொரு வால்வு. பூட்டுகிறவர் நீரோட்டத்தை ஒருமுறை சரிசெய்து மூடியைப் போட்டுவிட்டால் பிறகு யாரும் தொடுவதில்லை. ‘சமன் வால்வு’ என்று வைக்கலாமா? சுடுநீர்க் குழாயோடும் மின்கோலோடும் ஓடுகிற வகைக்கு இந்தப் பெயர் கட்டாயம் வேண்டும். கோல் எரியும்போது இரண்டு வால்வையும் ஒன்றாக மூடினால் விரிகிற நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். பயனர் கையேட்டில் அந்த எச்சரிக்கை வரியை எழுதப்போன அக்கா இப்போது ‘மற்ற வால்வு’ என்றுதான் போட்டிருக்கிறார். எது மற்றது என்று பூட்டுகிறவர் கேட்பார்.