ஆறு வயது டாபர்மேன்: விந்தை இப்போதே எடுத்து வைக்கலாமா?

கறுப்புவால்:
எங்கள் டாபர்மேனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. குணத்திலும் உடற்கட்டிலும் குறை சொல்ல முடியாத பையன், அவன் வழியில் ஒரே ஒரு ஈத்துக் குட்டியாவது வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பொருத்தமான பெட்டை கிடைத்திருக்கிறது, ஆனால் அது இருப்பது வெகு தூரத்தில், அடுத்த ஹீட் (இணை சேரும் பருவம்) வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். இவனை அவ்வளவு தூரம் ஏற்றிக்கொண்டு போவது சரிப்படாது. விந்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாலே போதும் என்கிறார் ஒருவர், ஃப்ரீசரில் போட்டால் வருடக்கணக்கில் கெடாது என்கிறார் இன்னொருவர். இப்போதே எடுத்து வைத்துவிடலாமா? உண்மையில் எத்தனை நாள் தாங்கும்?

சோதனைக்குழாய்:
முதலில் ஃப்ரீசர் பேச்சை விட்டுவிடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18, 20 டிகிரியில் ஓடுவது. அதில் வைத்தால் விந்தணுவுக்குள் பனிக்கட்டி ஊசி ஊசியாக உருவாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும், வெளியே எடுத்து உருக்கினால் ஒன்றுகூட நீந்தாது. உறைவிந்து என்பது வேறு கதை: முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்ந்த கலவையில் விந்தைக் கலந்து, மெதுவாகக் குளிரவைத்து, அரை மில்லி பிடிக்கும் குச்சிகளில் (மெல்லிய குழல்கள்) அடைத்து, நைட்ரஜன் ஆவியில் காட்டி, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். அந்த நைட்ரஜன் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டால் நாய் போன பிறகும் பல வருடம் அப்படியே இருக்கும்.

ஃப்ரிட்ஜ் முறையும் உண்மைதான், ஆனால் சும்மா குழாயில் எடுத்து உள்ளே வைப்பதல்ல. அதற்கும் மஞ்சள் கரு கலந்த கலவை வேண்டும் (குளிர் அதிர்ச்சியில் சவ்வு சிதையாமல் காப்பது அதுதான்), 4, 5 டிகிரிக்குப் படிப்படியாக இறக்க வேண்டும், பெட்டியில் ஐஸ் பொட்டலம் குழாயை நேராகத் தொடக்கூடாது. ஒன்றிரண்டு நாள் நம்பலாம். நல்ல நாயின் விந்து, நல்ல கலவை என்றால் மூன்று நாள் வரைகூட இழுக்கும். ஆகவே இரண்டு மாதம் கழித்து வரும் ஹீட்டுக்கு இன்றைக்கே எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நாய் மூன்று பகுதியாக விடும். முதலில் தெளிவாகச் சில சொட்டு, அடுத்து பால் போல வெள்ளையாகக் கொஞ்சம், பிறகு தண்ணீர் மாதிரி நிறைய வருவது புராஸ்டேட் திரவம். விந்தணு இருப்பது அந்த வெள்ளைப் பகுதியில்தான். வெள்ளை நின்று தெளிவாக வர ஆரம்பித்ததும் குழாயை விலக்கிவிட வேண்டும், ஏனென்றால் புராஸ்டேட் திரவம் கலந்தது சேமிப்பில் சீக்கிரம் சோர்ந்துபோகும். கலந்துவிட்டால் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரிப்பார்கள். குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தண்ணீரோ சோப்போ சிறுநீரோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

நாலுகால்_வீடு:
எல்லோரும் விந்தைப் பற்றியே பேசுகிறார்கள், முக்கால்வாசி ஈத்து தவறுவது நாள் கணக்கில்தான் என்பது என் அனுபவம். ரத்தம் பட்ட பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று விரல்விட்டு எண்ணுவது நேரடி இணைக்கு ஓரளவு சரி, ஏனென்றால் அப்படி உள்ளே போன விந்தணு ஐந்தாறு நாள்கூட உயிரோடு காத்திருக்கும். உறைய வைத்து உருக்கியது அரை நாளிலிருந்து ஒரு நாள் வரைதான் தாங்கும். அதோடு பெட்டை நாயின் முட்டை வெளியே வந்தவுடன் கருத்தரிக்கத் தயாராக இருக்காது, முதிர இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பெட்டைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: ஹீட் ஆரம்பித்து சில நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பார்க்கத் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடர வேண்டும். மில்லிக்கு 2 நானோகிராம் தொட்டால் எல்ஹெச் (முட்டையை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) ஏறுகிறது, 5 வாக்கில் முட்டை வெளிவருகிறது. அதிலிருந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உறைவிந்து போட வேண்டும். ஃப்ரிட்ஜ் முறையில் வைத்த குளிர்விந்துக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு, இரண்டு தடவை போட்டும் பார்க்கலாம்.

இன்னொன்று, புருசெல்லா பரிசோதனை இரண்டு பக்கமும். விந்தோடு சேர்ந்து போகக்கூடிய நோய் அது, மனிதருக்கும் ஒட்டும். அந்தக் காகிதம் இல்லாமல் நான் யாருக்கும் சம்மதிப்பதில்லை.

கறுப்புவால்:
ரொம்ப நன்றி. அப்படியானால் ஹீட் வந்ததும் குளிர்விந்தாக அனுப்பினால் போதும், உறைவிந்து தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? செலவும் குறையும்.

பழைய_கூட்டாளி:
டாபர்மேன் என்பதால் நான் நேர்மாறாகச் சொல்வேன். இந்த இனத்தில் இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் நோய் அதிகம், அதுவும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் தலைகாட்டும். மூன்று வயதில் ஆரோக்கியமாக நின்ற நாய் ஏழு எட்டில் திடீரென்று விழுந்து சாவது இந்த இனத்தை வளர்ப்பவர்களுக்குப் புதிதல்ல. உறைவிந்தின் பெரிய லாபமே இங்கேதான். விந்தை இப்போதே எடுத்து உறைய வைத்துவிட்டு, வருடா வருடம் 24 மணி நேர ஹோல்டரும் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்வது) எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துக்கொண்டே வாருங்கள். அவன் ஒன்பது, பத்து வயதைச் சுகமாகத் தாண்டினால் அந்தக் குச்சிக்கு இன்றைக்கு இருப்பதைவிடப் பத்து மடங்கு மதிப்பு. இடையில் இதயம் கெட்டால் குச்சிகளைத் தூக்கி எறிந்துவிடலாம், தகப்பன் நோயைச் சுமக்கும் ஒரு ஈத்துக் குட்டி உலகத்துக்கு வராமல் போகும். ஆசை, பாசம் எல்லாம் சரி, பிறக்கப்போகும் குட்டியின் பக்கம் நின்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வயதும் ஒரு காரணம். ஏழைத் தாண்டினால் பல நாய்களின் விந்து தரம் இறங்கத் தொடங்கும், உறைய வைத்து உருக்கும்போது நல்ல விந்திலேயே பாதி செத்துவிடும், சுமாரானது என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குழாய்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நடைமுறைக்கு வந்தால், முதலில் விந்துப் பரிசோதனை: 70 சதவீதத்துக்கு மேல் நேராக நீந்த வேண்டும், உருக்குலைந்தவை குறைவாக இருக்க வேண்டும், மொத்த எண்ணிக்கை இந்த அளவு நாய்க்குச் சில பத்துக் கோடிகளாவது வர வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 62 நாள் ஆகும் என்பதால், சமீபத்தில் காய்ச்சலோ ஸ்டீராய்டு மருந்தோ இருந்திருந்தால் இப்போது வரும் மோசமான முடிவை வைத்து மனம் விடாதீர்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

உறைய வைக்கும் இடத்தில் ஒரு குச்சியை அன்றைக்கே 37 டிகிரி தண்ணீரில் உருக்கி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி, அந்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். ஒரு தடவைக்கு உயிருள்ளவை 10 முதல் 20 கோடி வேண்டும், அதற்கு எத்தனை குச்சி என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். "இத்தனை குச்சி இருக்கிறது" என்பதை மட்டும் வைத்து ஏமாறாதீர்கள்.

கறுப்புவால்:
கடைசியாக ஒன்று. உறைவிந்தை நேரடியாகப் பிறப்புறுப்பில் குழாய் விட்டுச் செலுத்த முடியுமா?

நாலுகால்_வீடு:
புதிய விந்துக்கும் குளிர்விந்துக்கும் அது நடக்கும். உறைவிந்தை அப்படிப் போட்டால் பெரும்பாலும் வீண், கருப்பைக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். எண்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கருப்பை வாய் வழியாகக் குழாய் விடுவார்கள், பெட்டை நின்றபடியே இருக்கும், மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் வேண்டாம். வயிற்றைக் கீறிச் செய்யும் முறையும் இருக்கிறது, சில நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை, எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. எண்டோஸ்கோப் முறையில் கை பழகிய மருத்துவர் பெட்டை இருக்கும் பக்கம் கிடைக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

கறுப்புவால்:
சரி, பெட்டைக்காரரிடம் இந்த ஹீட்டை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஹோல்டர், எக்கோ, புருசெல்லா, விந்துப் பரிசோதனை. எல்லாம் சரியாக வந்தால் உறைய வைக்கிறோம்.