பாதிக் கதைக்கு முழு டிக்கெட்டா?

செந்தூல்காரன்:
படம் மொக்கை என்றால் திட்டிவிட்டு, நம் மலேசிய மாமாக் கடையில் ஒரு தே தாரே டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அதில் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் வேறு. பாதிக் கதையை முழுப் படம் என்று விற்கிறார்களே, அதுதான். 2024 ஜூலையில் இந்தியன் 2 வந்தது. 1996-இல் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, வர்மம் போடுகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் கழுத்தில் விரலை வைத்த தலைமுறை நாங்கள், அதனால் வேலை முடிந்ததும் நேராகத் தியேட்டருக்குத்தான். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் இந்தியன் 3-க்கு டிரெய்லர் போடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலம், இளம் கமல், காஜல் அகர்வால். பார்க்க வேண்டிய கதை அந்த டிரெய்லரில்தான் இருந்தது! காஜல் நடிக்கிறார் என்று எத்தனை வருடமாகச் சொன்னார்கள், இரண்டாம் பாகத்தில் அவர் ஒரு காட்சியில்கூட இல்லை. எடுத்த காட்சிகளை வெட்ட மனமில்லாமல்தான் இரண்டாகப் பிரித்தோம் என்ற மாதிரி ஷங்கர் விளக்கம் கொடுத்தார். அப்புறம் படம் வெளியாகி, ஜனங்கள் கழுவி ஊற்றியதும் 12 நிமிடம் வெட்டினார்களே, அதற்கு மட்டும் மனம் எங்கிருந்து வந்தது? அதே வருடம் நவம்பரில் கங்குவா. அதுவும் அடுத்த பாகத்துக்கு ஆள் காட்டிவிட்டுத்தான் முடிகிறது, அதையும் வெளியான பிறகுதான் 12 நிமிடம் குறைத்தார்கள்.

கடைசி வரிசை:
அண்ணே, கோபம் புரியுது, ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். பாகுபலி 2015-இல் கட்டப்பா கத்தியைச் சொருகியதோடு முடிந்தது, அடுத்தது 2017-இல்தான் வந்தது. நாம் யாராவது காசைத் திருப்பிக் கேட்டோமா? இரண்டு வருடம் அதையே பேசித் திரிந்தோம். பொன்னியின் செல்வனும் இரண்டு பாகம்தானே. படம் நன்றாக இருந்தால் பாதியென்ன, கால்வாசியென்ன, பார்ப்போம். இந்தியன் 2-வின் நோய் பிரித்தது இல்லை, எழுத்து. ஊழல் என்றால் என்ன என்று 1996-இல் சொன்னதையே மறுபடி சொன்னார்கள், அதுவும் யூடியூப் பசங்களை வைத்து. இந்தியன் 3-ஐயும் சேர்த்து ஒரே படமாக விட்டிருந்தாலும் தூங்கியிருப்போம்.

செந்தூல்காரன்:
பொன்னியின் செல்வனை இதில் சேர்க்காதீர்கள் தம்பி. அது கல்கி எழுதி முடித்த கதை. இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்தார்கள், 2022 செப்டம்பரில் ஒன்று, 2023 ஏப்ரலில் அடுத்தது, முடிந்தது கணக்கு. பாகுபலி முதல் பாகத்தில் காலகேயர் போர் என்று ஒரு முழு வேலை இருக்கிறது, தொடங்குகிறது, முடிகிறது, கத்தி அதற்கு அப்புறம்தான். இந்தியன் 2-வில் எது முடிந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

பட்டர்வொர்த் பொண்ணு:
செந்தூல் அண்ணன் பக்கம்தான் நான். நெட்ஃபிளிக்ஸில் ஸ்க்விட் கேம் கொரியத் தொடர் பார்த்தீர்களா? 2021-இல் ஒன்பது பகுதி, கச்சிதம். 2024 டிசம்பரில் இரண்டாம் சீசன் என்று ஏழு பகுதி விட்டார்கள், துப்பாக்கிச் சண்டை நடுவில் டப்பென்று நிறுத்திவிட்டு மீதி ஆறு பகுதியை 2025 ஜூனில் கொடுத்தார்கள். அது சீசனே இல்லை லா, ஒரே கதையை இரண்டாக நறுக்கியது. ஆறு மாதம் சந்தா கட்ட வைக்க வேறு வழி கிடைக்கவில்லையோ என்னவோ. அந்த இயக்குநரும் முதல் சீசனில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, பணத்துக்காகத்தான் இரண்டாவது எடுக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மை பிடித்தது, சீசன் பிடிக்கவில்லை.

சீரியல் ரசிகை:
முடிவில்லாத கதை பற்றி எங்களிடம் பேச வந்துவிட்டீர்களா 😄 ஆஸ்ட்ரோ டிவியில் சாயங்காலத்தில் உட்கார்கிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கம். சித்தி 2-வை ராதிகாவுக்காகப் பார்க்க ஆரம்பித்தோம், 2021-இல் ராதிகாவே பாதியில் விலகிவிட்டார், சீரியல் அதுபாட்டுக்கு 2022 வரை ஓடியது. சித்தி இல்லாத சித்தி! நாங்கள் யாரும் மனு போடவில்லை. சீரியலில் முடிவை யார் கேட்கிறார்கள், அந்த அரை மணி நேரத்துக்கு அழ, சிரிக்க ஆள் இருந்தால் போதும்.

கடைசி வரிசை:
அக்கா சொன்னதுதான் சரி. எதிர்பார்ப்பை நாமே ஊதிப் பெரிதாக்கிவிட்டு அப்புறம் ஏமாற்றம் என்கிறோம். இன்னொன்று கேட்கிறேன், அண்ணன் பதில் சொல்லட்டும். தக் லைஃப் ஒரே படம், பாகம் கீகம் கிடையாது, ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருந்தது. மணிரத்னமும் கமலும் 1987 நாயகனுக்கு அப்புறம் சேருகிறார்கள் என்று 2025 ஜூன் 5-க்கு லீவு போட்டுப் போனோம். என்ன ஆச்சு? உங்கள் வாதப்படி அது நல்ல படமாக இருந்திருக்க வேண்டுமே!

செந்தூல்காரன்:
முழுப் படமெல்லாம் நல்ல படம் என்று நான் எங்கே சொன்னேன்? தக் லைஃப் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒரு கதை சொன்னார்கள், எடுபடவில்லை, அவ்வளவுதான். அடுத்த மணிரத்னம் படத்துக்கும் போவேன். சமையல் சரியில்லை என்பது ஒன்று, பாதி இலைக்குச் சோறு போட்டுவிட்டு மீதிக்கு அடுத்த வருடம் வாங்க என்பது வேறு.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலத் தொடரின் கதையும் இதன் மறுபக்கம்தான். ஆறு சீசன் வரை பத்துப் பத்துப் பகுதி, ஏழாவதில் ஏழு, கடைசியில் 2019-இல் ஆறு. கூடுதலாக எடுக்க எச்பிஓ சேனல் தயாராக இருந்தும், எடுத்தவர்களே போதும் என்று முடித்துக்கொண்டார்கள். மூலக்கதை எழுதுகிற மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011-இல் வந்தது, ஆறாவதற்கு ஊரே காத்திருந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டியை எடுத்தவர்கள் ஒன்று நடுவழியில் இறக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் தலைதெறிக்க ஓட்டுகிறார்கள். கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டது டிராகனுக்காக இல்லை.

பட்டர்வொர்த் பொண்ணு:
முடிவு என்றதும் ஞாபகம் வருது, 2016-இல் கபாலி. இந்தியாவில் துப்பாக்கிச் சத்தத்தோடு படம் முடியும், அவர் செத்தாரா பிழைத்தாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். நமக்கு இங்கே மலேசியாவில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். நம் ஊர்க் கதை, நம் ஊர் ஆட்கள், முடிவு மட்டும் நமக்கு வேறு. கூட வந்த என் அண்ணன் தியேட்டரிலேயே “இவரா சரணடைவார்?” என்று சத்தமாகக் கேட்டான், பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கடைசி வரிசை:
அது தணிக்கை விஷயம் தங்கச்சி, இயக்குநர் ரஞ்சித்தைக் குறை சொல்ல முடியாது.

பட்டர்வொர்த் பொண்ணு:
யார் குறை சொன்னார்கள்? முடிவு எவ்வளவு முக்கியம் என்றுதான் சொல்கிறேன். ஒரே ஒரு வரி, மொத்தப் படமும் வேறு படமாகிவிட்டது.

கடைசி வரிசை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், முழுக் கதை வேண்டும் என்று கேட்கிற நம் ஆட்கள் முழுக் கதை வந்தபோது எங்கே போனார்கள்? 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் ஜகாட் எடுத்தார், எஸ்டேட் தோட்டத்திலிருந்து கிளம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் பற்றி, பாகம் இரண்டெல்லாம் வைக்காமல். அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதே வாங்கியது. நான் போனபோது தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. கங்குவாவுக்கு அதே தியேட்டரில் நிற்க இடமில்லை, சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஒலியை இரண்டு புள்ளி குறையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. வாங்குகிறவன் பாதிக் கதையைத்தான் வாங்குகிறான் என்றால் விற்கிறவன் அதைத்தானே விற்பான்?

செந்தூல்காரன்:
ஜகாட்டுக்கு நான் போனேன் தம்பி, வீட்டில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவர் நீங்கள் சொன்ன அந்தத் தோட்டத்து ஆள்தான். ஆகவே என்னிடம் அந்தக் கணக்கைக் கேட்காதீர்கள்.

சீரியல் ரசிகை:
அதெல்லாம் இருக்கட்டும், இந்தியன் 3 வந்தால் போவீர்களா மாட்டீர்களா?

செந்தூல்காரன்:
முதல் நாள் போக மாட்டேன். வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சீரியல் ரசிகை:
அப்போ போவீர்கள் 😄