சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே கப்பல் முனையத்துக்கு: மடக்க முடியாத சக்கர நாற்காலியோடு செல்வது எப்படி?

கேள்வி – சென்னை மகள்

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு நடக்க இயலாத என் அப்பாவைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்கிறோம். விமானத்திலும் கப்பலிலும் உதவி கேட்டுப் பதிவு செய்துவிட்டோம். இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. அப்பாவின் நாற்காலி பேட்டரியில் ஓடுவது, மடக்க முடியாதது. அவரைத் தூக்கிக் கார் இருக்கையில் உட்கார வைத்தால் செயலிழந்த பக்கத்துத் தோள் கடுமையாக வலிக்கிறது என்பதால், நாற்காலியில் அமர்ந்தபடியே செல்லும் வழிதான் வேண்டும். எங்கள் பயண முகவர், "எந்த டாக்சியும் ஏற்றிக்கொள்ளும்" என்கிறார். அதை நம்பலாமா?

பதில் – சிங்கப்பூர்வாசி

நம்ப வேண்டாம், அம்மா. சாதாரண டாக்சியில் மடக்கு நாற்காலியைப் பின்பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். வாடகைக் கார் அழைக்க உதவும் கிராப் செயலியில் உள்ள 'கிராப் அசிஸ்ட்' சேவையும், பயிற்சி பெற்ற ஓட்டுநர் கைகொடுத்து ஏற்றிவிட, இருக்கைக்கு மாறி உட்காரக்கூடியவர்களுக்கே பொருந்தும். உங்கள் அப்பாவுக்குத் தேவை சாய்தளமோ நாற்காலியோடு தூக்கி ஏற்றும் கருவியோ பொருத்திய வேன். இங்கே அத்தகைய வேன்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உண்டு; ஆனால் டாக்சி வரிசையில் போய் நின்றால் கிடைக்காது, முன்பதிவு செய்தாக வேண்டும். "வீல்சேர் வேன்" என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். அப்பா அமர்ந்த நிலையில் தரையிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு உயரம், நாற்காலியும் அவரும் சேர்ந்து எவ்வளவு எடை என்று அளந்து எழுதி அனுப்பி, அந்த வேனின் கதவு உயரமும் சாய்தளம் தாங்கும் எடையும் போதுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நாற்காலியை நான்கு மூலைகளிலும் பட்டையால் தரையோடு பிணைக்கும் வசதியையும், அப்பாவுக்குத் தனி இருக்கைப் பட்டையையும் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரயிலைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பேன். எல்லா எம்ஆர்டி (சிங்கப்பூர் நகர ரயில்) நிலையங்களிலும் படியில்லாத ஒரு வழியாவது உண்டு, மின்தூக்கி உண்டு, அகலமான நுழைவாயில் உண்டு, ரயிலுக்குள் நாற்காலிக்கென்று இடமும் உண்டு. விமான நிலைய எம்ஆர்டி நிலையம் 2ஆம், 3ஆம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது. 1ஆம் முனையத்தில் இறங்கினால், முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெயின் என்ற சிறு ரயிலில் வந்து சேரலாம். அங்கிருந்து தானா மேரா சென்று கிழக்கு மேற்கு ரயிலுக்கு மாறி, பிறகு சிட்டி ஹால் அல்லது ராஃபிள்ஸ் பிளேசில் வடக்கு தெற்கு ரயிலுக்கு மாறினால், அதன் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். கப்பல் முனையம் அங்கிருந்து சிறிது நேர நடைதான். மொத்தம் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். முன்பதிவு இல்லை, விமானம் தாமதமானாலும் காத்திருப்புக் கட்டணம் இல்லை.

பெட்டிகளை ரயிலில் இழுத்துச் செல்லாமல் குடும்பத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அப்பாவோடு ரயிலில் வரட்டும், மற்றவர்கள் பெட்டிகளோடு டாக்சியில் முன்னே சென்று அவற்றைச் சுமைதூக்குவோரிடம் ஒப்படைத்துவிடட்டும். வேலை நாட்களில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை நகரை நோக்கிச் செல்லும் ரயில்களில் நாற்காலியை நுழைப்பது கடினம். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இங்கே மழை சொல்லாமல் வரும், ஆகவே நாற்காலியின் கட்டுப்பாட்டுக் கைப்பிடிக்கு ஒரு மழையுறை வைத்திருங்கள்.

பதில் – இயன்முறை மருத்துவர்

மேலே சொன்னது சரியான யோசனை. ஆனால் வேனோ ரயிலோ, நாற்காலி உங்கள் கைக்கு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கும். விமானப் பதிவில் உங்கள் அப்பாவுக்கு 'டபிள்யூசிஎச்ஆர்' என்று குறித்திருந்தால் உடனே மாற்றுங்கள். படியேற முடிந்தவர்களுக்கான குறியீடு அது. அறவே நடக்க இயலாதவர்களுக்கு 'டபிள்யூசிஎச்சி' என்று இருந்தால்தான் விமான இருக்கை வரை கொண்டுசெல்லும் உதவி கிடைக்கும். நாற்காலியை விமானக் கதவருகிலேயே திருப்பித் தரும்படி பதிவிலேயே கேளுங்கள். அது இயலாமல் பெரிய சாமான்கள் வரும் இடத்துக்குப் போய்விட்டால், அதுவரை அவர் விமான நிலைய நாற்காலியில் காத்திருக்க நேரும் என்பதால், வேனை விமானம் இறங்கும் நேரத்துக்கே வரச் சொல்லாமல் ஒன்றரை மணி நேரமாவது தள்ளி வரச் சொல்லுங்கள்.

பேட்டரி விவரத்தையும் விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கழற்றி எடுக்கும்படி அமைந்த லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்கு மேற்படக் கூடாது, அதைக் கைப்பையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240.

சென்னை மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் விமானம் காலையில் இறங்குகிறது, கப்பல் மாலையில் புறப்படுகிறது. ஆகவே நெரிசல் நேரம் கழிந்தபின் ரயிலில் செல்வது என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார், அவருக்கு ரயில் என்றால் மிகவும் பிடிக்கும். திரும்பும் நாளில் பின்பற்ற வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் – சிங்கப்பூர்வாசி

கப்பல் காலையிலேயே கரை சேர்ந்துவிட்டாலும், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கிக் குடிநுழைவைக் கடக்க வேண்டியிருப்பதால், நீங்கள் வெளியே வரும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. முந்தைய நாளே கப்பலின் விருந்தினர் சேவை மேசையில் இறங்குவதற்கான சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யுங்கள். நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது வேறு, மரினா பேயில் இருப்பது வேறு. சில கிலோமீட்டர் இடைவெளி. உங்கள் கப்பல் சீட்டில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பெட்டிகளோடு டாக்சியில் வருகிறவர்களுக்கும் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.