டேல் எந்தப் பக்கத்தில் சொன்னார்?

கல்வியியல் ஆய்வுக்குச் சான்று தேடிய அனுபவங்கள்

பகுதிநேர ஆய்வாளர், திருநெல்வேலி

பி.எட். படித்த யாருக்கும் அந்தப் படம் தெரிந்திருக்கும். ஒரு கூம்பு. படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக்கொண்டே கேட்பதில் 50, பேசுவதில் 70, செய்வதில் 90. கீழே எட்கர் டேல் என்று அமெரிக்கக் கல்வியாளர் ஒருவரின் பெயர் போட்டிருப்பார்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒரு வகுப்பறைச் சுவரில் அது தொங்குகிறது. பன்னிரண்டு வருடமாக அதைக் காட்டித்தான் பாடம் எடுத்து வந்தேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு செயல்வழிக் கற்றலைப் பற்றியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த அந்த முறைதான். முதல் அத்தியாயத்தின் மூன்றாவது பக்கத்திலேயே அந்தச் சதவீதங்களை எழுதி, அடைப்புக்குறிக்குள் டேல், 1946 என்று போட்டிருந்தேன். ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டோரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இது டேல் நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதும்மா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அந்த நூலைப் பார்த்ததே இல்லை. இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் கிடைத்த ஓர் ஆய்வேட்டிலிருந்து அந்த வரியை எடுத்திருந்தேன். "அடுத்த கூட்டத்துக்குப் பக்க எண்ணோடு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆய்வேட்டின் பின்பக்கத்தைப் புரட்டினேன். அதை எழுதியவர் ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தார். அந்தக் கட்டுரை ஒரு பாடநூலைக் காட்டியது. பாடநூலில் டேல் 1969 என்று இருந்தது. இன்னொரு கட்டுரை 1954 என்றது. வேறொன்று ஒரு இணையதள முகவரியைக் கொடுத்திருந்தது, அந்தப் பக்கமே இப்போது இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே எண்கள், மூன்று வெவ்வேறு ஆண்டுகள். ஒருத்தர்கூட பக்க எண் கொடுக்கவில்லை. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது.

கடைசியில் டேல் எழுதிய 'ஆடியோ விஷுவல் மெத்தட்ஸ் இன் டீச்சிங்' நூலின் 1946 பதிப்பை ஸ்கேன் வடிவில் இன்டர்நெட் ஆர்க்கைவில் பிடித்தேன். கூம்பு இருக்கிறது. அடியில் நேரடி அனுபவம், உச்சியில் சொல் குறியீடுகள். ஆனால் ஒரு சதவீதம்கூட இல்லை. டேல் அதை அனுபவங்களை வகைப்படுத்திக் காட்டும் படமாகத்தான் வரைந்திருக்கிறார். நினைவாற்றலை அளந்து வரைந்ததில்லை.

அப்படியானால் எண்கள் எங்கிருந்து வந்தன? 2014-இல் 'எஜுகேஷனல் டெக்னாலஜி' இதழில் சுப்ரமணி, மொலெண்டா, பெட்ரஸ், தால்ஹைமர் என்ற நான்கு பேர் இதையே துருவித் துருவி எழுதியிருக்கிறார்கள். அச்சில் பரவலாகத் தெரியவந்த பழைய வடிவம் 1967-இல் ட்ரைக்லர் என்பவர் ஒரு ஒளி-ஒலித் துறைப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அதிலும் ஆய்வு விவரம் எதுவும் கிடையாது. யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியதை நாம் எல்லோரும் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம்.

எண்களைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உண்மையான பிள்ளைகளிடம் நினைவை அளந்தால் 10, 20, 30 என்று வரிசையாக வந்து உட்காருமா? எத்தனை நாள் கழித்து அளந்தார்கள், எந்த வயதுப் பிள்ளைகள், என்ன பாடம், ஒன்றுமே இல்லையே.

அப்புறம் தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தரவுத்தளம் இலவசம். அதில் ஒரு சொல்லடைவு உண்டு, கட்டுரைகளை வகைப்படுத்தப் பயன்படும் சொற்களின் பட்டியல். 'ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங்' என்று தட்டியபோது எனக்குத் தேவையானது அதிகம் வரவில்லை. நம் செயல்வழிக் கற்றல் வகுப்பில் பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து அவரவர் வேகத்தில் கற்றல் ஏணியில், அதாவது படிப்படியாக அடுக்கிய அட்டைகளில், ஏறுகிறார்கள் இல்லையா? அதனால் சொல்லடைவில் 'மல்டிகிரேடட் கிளாசஸ்' என்று தேடிப் பார்த்தேன். கொலம்பியாவில் 1970-களில் தொடங்கிய எஸ்குவேலா நுயேவா என்ற கிராமப் பள்ளி முறை வரை கதவு திறந்தது. சரியான சொல் கிடைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

எரிக்கில் பதிவு எண்ணையும் பாருங்கள். இ.ஜே. என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை. இ.டி. என்றால் அறிக்கை, மாநாட்டுத் தாள் மாதிரியானவை. இரண்டாவது வகை மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் சகமதிப்பாய்வு, அதாவது வெளியிடுமுன் துறை வல்லுநர்கள் படித்துச் சரிபார்ப்பது, நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு வடிகட்டி இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கல்லூரி நூலகர், கோயம்புத்தூர்

சகோதரி, நீங்கள் நூல் பக்கம் பார்த்தீர்கள். நான் இதழ் பக்கம் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு மாணவி ஓடி வந்தார். பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது, இன்றைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள், நூலகக் கணினியில் பிரின்ட் எடுக்க வேண்டும் என்றார். எப்போது அனுப்பினாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய். நான்கு நாளில் இரண்டு பேர் படித்து, கருத்து எழுதி, ஆசிரியர் முடிவெடுத்துவிட்டாரா? உட்காரம்மா என்று சொல்லிவிட்டு அந்தத் தளத்தைத் திறந்தேன்.

பெயர் நல்ல இதழின் பெயர். இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் அந்த இதழுடையதுதான். ஆனால் ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் பதிப்பாளர் வேறு, ஊர் வேறு. உண்மையான இதழ் ஆண்டுக்கு இரண்டு வருவது, இந்தத் தளத்திலோ மாதந்தோறும். ஒரே மாத இதழுக்குள் வணிகவியல், கால்நடை மருத்துவம், குழந்தைப் பாடல் பற்றிய கட்டுரை எல்லாம் இருந்தன. அச்சு அசலாக ஒரு போலித் தளம். பணம் போகாமல் தப்பியது. அந்தப் பெண் அன்று அழுத அழுகையை மட்டும் மறக்க முடியவில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் அவசரம், வீட்டில் கைக்குழந்தை, ஒரு பேப்பர் இல்லாமல் கோப்பு நகராது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு விவரம். 2018-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அங்கீகரித்த பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த 1,009 இதழ்களைப் பரிசோதித்தது. 88 சதவீதம் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று முடிவு சொன்னார்கள். அதே ஆண்டு மே மாதம் யு.ஜி.சி. 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு யு.ஜி.சி.யின் புதிய இதழ்ப் பட்டியலான கேர் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். இப்போது இதழை எடைபோடும் வேலை கல்லூரிகள் தலையிலும் ஆய்வாளர் தலையிலும் விழுந்திருக்கிறது.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. வண்டி ஓடுமா என்று அது சொல்லாது. நான் எங்கள் பிள்ளைகளிடம் முதலில் செய்யச் சொல்வது, அந்த இதழின் ஐந்து வருடம் முந்தைய கட்டுரை ஒன்றை முழுசாகப் படிப்பது. படித்தாலே தெரிந்துவிடும். அடுத்தது, ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பது. போலித் தளங்களுக்கென்றே, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவு செய்யும் தளமான ரிட்ராக்‌ஷன் வாட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றி உங்கள் நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. கேட்காததால் மட்டுமே கிடைக்காமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

நான் ஆய்வாளன் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது.

இல்லம் தேடிக் கல்வி நடந்தபோது எங்கள் ஊரில் மூன்று மையங்கள். மாலையில் அந்தப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தவன் என்பதால், அந்தத் திட்டம் நன்றாக நடந்தது என்று யாராவது சொன்னால் மனசு குளிரும். ஒரு கருத்தரங்கில் பேசும்போது, "கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை இல்லம் தேடிக் கல்வி மீட்டுவிட்டது என்று ஆய்வு சொல்கிறது" என்றேன். கைதட்டல் கிடைத்தது. வாட்ஸாப்பில் வந்த ஒரு செய்தித் துணுக்கை நம்பிச் சொன்னது அது.

பிறகு ஒரு நண்பர் மூல ஆய்வையே அனுப்பினார். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் எழுதியது, 2022-இல் ஆய்வறிக்கையாக வெளியானது. தமிழ்நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேர். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்பது சரி. ஆனால் அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு 24 சதவீதம் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். மீதியில் பள்ளி திறந்ததும், ஆசிரியர்கள் நடத்தியதும், வீடும் எல்லாம் கலந்திருக்கும்.

கால் பங்கு என்பது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால் பெரிய விஷயம். மாலை ஒன்றரை மணி நேரம், ஊர்ப் பெண்களே தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைத்துத் தப்பான எண்ணைச் சொன்னால், நாளைக்கு யாராவது அதை உடைக்கும்போது அந்தப் பெண்கள் செய்ததும் சேர்ந்து பொய்யாகத் தெரியும். அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொன்னேன். கைதட்டல் கொஞ்சம் குறைவுதான்.

ஆங்கிலக் கட்டுரை என்றதும் பயந்துவிடாதீர்கள். சுருக்கம், அப்புறம் அட்டவணைக்குக் கீழே இருக்கும் குறிப்பு, யாரிடம் எப்படி அளந்தார்கள் என்ற பகுதி. இந்த மூன்றையும் நான் அகராதி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரியில் படித்தேன்.

எம்.எட். மாணவர், மட்டக்களப்பு

ஏ.ஐ. செயலியிடம் உசாத்துணைப் பட்டியல் கேட்டேன். பன்னிரண்டு தந்தது. ஐந்து உலகத்திலேயே இல்லை. ஒன்றில் ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, ஆண்டுக்குரிய தொகுதி எண்ணும் சரி, கட்டுரை மட்டும் இல்லை. கட்டுரைக்கான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைச் சொடுக்கினால் மீன் வளர்ப்புக் கட்டுரைக்குப் போகிறது. இப்போது ஒவ்வொன்றையும் திறந்து முதல் பக்கத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் பட்டியலில் சேர்க்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் இரவில் நித்திரை வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், தஞ்சாவூர்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் பிள்ளைகளே. ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. படித்துக்கொண்டே வரும்போது, வெளிநாட்டுத் தரவுத்தளத்தில் இருந்தால்தான் சான்று என்ற எண்ணம் இளையவர்களுக்கு வந்துவிடுமோ என்று தோன்றியது.

எங்கள் காலத்தில் புச் சர்வேயைத்தான் புரட்டுவோம். பரோடாவிலிருந்து எம். பி. புச் பதிப்பித்த முதல் தொகுதி 1974-இல் வந்தது, இந்தியக் கல்வி ஆய்வுகளின் சுருக்கங்கள் அதில் இருந்தன. இன்றும் பழைய ஆய்வேடு ஒன்று இருக்கிறதா என்று தெரிய அதுதான் வழி. சோத்கங்காவில் ஏறாத ஆய்வேடுகள் எத்தனையோ பல்கலைக்கழக அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கின்றன. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே செய்த செயலாய்வுகள் இருக்கின்றன. முப்பது பிள்ளைகளை வைத்துச் செய்ததுதான், மாநிலத்துக்கே பொருந்தும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'ண'வையும் 'ன'வையும் எப்படிக் குழப்பிக்கொள்கிறது என்பது அங்கேதான் கிடைக்கும். அது தாங்குகிற அளவுக்கு மட்டும் அதன் மேல் பாரம் ஏற்றுங்கள்.

பகுதிநேர ஆய்வாளர், திருநெல்வேலி

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பக்கத்து மாவட்ட நிறுவனத்துக்குப் போனேன். பூட்டிய பீரோ ஒன்றைத் திறந்துவிட்டார்கள். செயல்வழிக் கற்றல் அட்டைகளைப் பற்றி 2009-இல் ஓர் ஆசிரியர் கையால் எழுதிய அறிக்கை கிடைத்தது. எந்த அட்டையில் பிள்ளைகள் வாரக்கணக்கில் தேங்கி நிற்கிறார்கள் என்று பிள்ளைகளின் பெயர் குறிக்காமல் பட்டியல் போட்டிருக்கிறார். நான் இணையத்தில் தேடிய எதிலும் இது இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த ஆசிரியரின் பெயரோடு வரப்போகிறது.

டி.சி. மீட்டிங்கும் முடிந்தது. சதவீத வரியை எடுத்துவிட்டேன், ஏன் எடுத்தேன் என்று அரைப் பக்கம் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, 1946 பதிப்பின் ஸ்கேனைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

வகுப்பறைச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கழற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் முதலாமாண்டு மாணவிகளிடம், இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்து வாருங்கள் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் படத்துக்குக் கீழே கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. "டேல் நூலில் தேடினோம், இந்த எண்கள் இல்லை" என்று எழுதி, தேடிய பக்க எண்களையும் போட்டு, ஆறு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.