தாலிபான் ஆட்சியை ஷரீஅத்தின் தராசில் வைத்தால் என்ன தேறும்?

இப்னு யூசுஃப் (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான் கைக்குப் போனதிலிருந்து எங்கள் ஜமாஅத்தில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அந்நியப் படையை இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்று வென்றவர்களைக் குறை சொல்வது மேற்கத்திய ஊடகங்களுக்குத் துணைபோவதாகும் என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். அந்த ஆட்சிக்கும் இஸ்லாத்துக்கும் தொடர்பே இல்லை, அது பஷ்தூன் குல வழக்கத்துக்குத் தலைப்பாகை கட்டிவிட்ட கதைதான் என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இரண்டு பதிலும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அவர்கள் தங்களை இமாம் அபூ ஹனீஃபாவின் சட்டவழியான ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் என்றும், ஷரீஅத்தை நிலைநாட்டவே ஆள்கிறோம் என்றும் சொல்வதால், அதே அளவுகோலைக் கொண்டே அவர்களது செயல்களை மதிப்பிட விரும்புகிறேன். 1996 முதல் 2001 வரையிலான முதல் ஆட்சியையும் இப்போதைய ஆட்சியையும் சேர்த்துப் பார்க்கும்போது பாராட்டத் தக்கவை எவை, ஏற்க முடியாதவை எவை? காரணத்தோடு எழுதுவோருக்கு நன்றியுடையவனாவேன்.

அபூ ஸுஹைல்

வ அலைக்குமுஸ்ஸலாம். ஒரு ஆட்சியை மதிப்பிடுமுன் அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2010இல் காபூல் வங்கி நிலைகுலைந்தபோது, ஏறத்தாழ 90 கோடி டாலர் அதிகாரத்துக்கு வேண்டப்பட்டவர்களுக்குக் கடன் என்ற பெயரில் போயிருந்தது வெளிப்பட்டது. நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடிக்குச் சாவடி காசு கொடுத்துத்தான் லாரி நகர வேண்டியிருந்தது. அந்த வசூல் இன்று பெருமளவு ஒழிந்துவிட்டது என்பதைத் தாலிபானை வெறுப்பவர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

இரண்டாவது, அபின். 2022 ஏப்ரலில் தாலிபானின் அமீர் (தலைவர்) ஹைபத்துல்லாஹ் அகுந்த்ஸாதா அபின் தரும் கசகசாச் செடி பயிரிடத் தடை விதித்தார். ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி, அந்த ஆண்டு 2,33,000 ஹெக்டேராக இருந்த பயிர்ப்பரப்பு 2023இல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. அமெரிக்கா பல நூறு கோடி டாலர் செலவிட்டும் முடியாத காரியம் இது. முதல் ஆட்சியின் தலைவர் முல்லா உமரும் 2000ஆம் ஆண்டில் இதே தடையை விதித்து அடுத்த பருவத்திலேயே நடத்திக் காட்டினார். போதைப்பொருளை வேரறுப்பது ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்றான அறிவைக் காத்தலைச் சேர்ந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூன்றாவதாக, 2021 டிசம்பரில் வெளியான ஆணையை யாரும் பேசுவதில்லை. பெண் ஒரு சொத்தல்ல, அவள் சம்மதமின்றி நிக்காஹ் செய்யக் கூடாது, கொலைப் பகை தீர்க்க ஒரு பெண்ணை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கக் கூடாது, கைம்பெண்ணுக்கு மஹரும் (மணக்கொடை) வாரிசுரிமையும் உண்டு என்று அந்த ஆணை கூறுகிறது. குல வழக்கத்துக்கு எதிராக ஷரீஅத்தை நிறுத்திய ஆணை அது. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் பகைவரை மன்னித்ததை நினைவூட்டும் வகையில், முந்தைய அரசில் பணியாற்றியோருக்குப் பொதுமன்னிப்பும் அறிவித்தார்கள். இத்தனைக்கும் நடுவே, மத்திய வங்கிக்குச் சொந்தமான ஏறத்தாழ 700 கோடி டாலரை அமெரிக்கா முடக்கி வைத்தது. ஏழை நாட்டின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் பட்டினியை ஆட்சியாளர் கணக்கில் எழுதுவது எந்த நீதி?

உம்மு ஹனான்

சகோதரர் அபூ ஸுஹைல் குறிப்பிட்ட ஆணையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே நல்ல ஆணை. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கொழுந்தனுக்குக் கட்டாயமாக மணமுடிக்க முயல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? முந்தைய ஆட்சியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் நீக்கப்பட்டனர். மகளிர் விவகார அமைச்சகம் கலைக்கப்பட்டது. வெகுதொலைவு செல்ல மஹ்ரம் (கணவன் அல்லது நெருங்கிய ஆண் உறவினர்) துணை வேண்டும் என்ற நிலையில், வழக்கே மஹ்ரமுக்கு எதிரானது என்றால் அவள் நீதிமன்றப் படியேறுவது எப்படி? ஹுதூது (வரையறுக்கப்பட்ட தண்டனைகள்), கிஸாஸ் (பழிக்குப் பழி) தவிர்த்த வழக்குகளில் பெண் நீதிபதியாக இருக்கலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் நிலைப்பாடு என்று ஹனஃபி நூல்களே பதிவு செய்துள்ளன. தங்கள் மத்ஹப் திறந்து வைத்த வாசலை மூடிவிட்டு, மத்ஹபின் பெயராலேயே ஆள்கிறோம் என்கிறார்கள்.

கல்வி விஷயம் இன்னும் கொடுமையானது. 2022 மார்ச் 23 அன்று மேல்நிலைப் பள்ளிகள் திறக்கும் என்று கல்வி அமைச்சகமே அறிவித்திருந்தது. பெண் பிள்ளைகள் சீருடை அணிந்து வகுப்பில் போய் உட்கார்ந்த சில மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிலர் அழுதுகொண்டே வெளியேறியதை உலகமே பார்த்தது. தகுந்த சூழல் அமையும்வரை என்றுதான் அப்போது சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. குறைந்தது 14 லட்சம் பெண் பிள்ளைகள் மேல்நிலைக் கல்வி இழந்திருப்பதாக 2024இல் யுனெஸ்கோ கணக்கிட்டது.

2024 டிசம்பரில் மருத்துவச்சி, செவிலியர் பயிற்சிக் கூடங்களுக்கும் பெண்கள் வரக் கூடாது என்றனர். நான் பிரசவப் பிரிவில் பணிபுரிபவள் என்பதால் இதை மட்டும் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் தாய்க்கு நாழிகைக் கணக்கில்தான் அவகாசம். கர்ப்பப்பை சுருங்க ஊசி போட வேண்டும், வயிற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும், பனிக்குடச் சவ்வோ நஞ்சுக்கொடியோ உள்ளே தங்கியிருந்தால் எடுக்க வேண்டும். இவையெல்லாம் கையால் செய்து பழக வேண்டிய வேலைகள். அன்னிய ஆண் தொடக் கூடாது என்றும் சொல்லி, பெண்ணும் இதைக் கற்கக் கூடாது என்றும் சொன்னால், மலைக்கிராமத்தில் வலியெடுத்த பெண்ணை யார் பார்ப்பது? ஊருக்கு ஒரு பெண் மருத்துவராவது இருப்பது ஃபர்ளு கிஃபாயா (சமூகத்தின் கூட்டுக் கடமை) என்று நம் உஸ்தாதுகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கடமையை நிறைவேற்றத் தவறினாலே ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்றால், நிறைவேற்ற வந்தவளை வாசலில் மறித்தவருக்கு என்ன தீர்ப்பு? இதற்கு அமெரிக்காவின் முடக்கம் காரணமல்ல.

பழைய வாசகன்

அபின் தடை பற்றிச் சில விவரங்கள். அது வென்றது உண்மை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தடை ஆணை வந்தபோது அறுவடைக் காலம் நெருங்கியிருந்ததால், நின்ற பயிருக்கு அவகாசம் தரப்பட்டது. அந்த ஆண்டு விலை ஏறியது. நிலமும் இருப்பும் உள்ள பெருவிவசாயிகள் அபின் பாலைச் சேமித்து வைத்துப் பின்னர் பன்மடங்கு விலைக்கு விற்றனர். துண்டு நிலத்தில் பயிரிட்டவருக்கும், காய்களைக் கீறிப் பால் எடுக்கும் கூலியாளுக்கும் கையிருப்பு ஏது? விவசாயிகள் அபினில் ஈட்டிய வருமானம் 2022இல் 136 கோடி டாலராக இருந்து 2023இல் 11 கோடியாக விழுந்தது என்று அதே ஐ.நா. அலுவலகம் கூறுகிறது. கோதுமை அந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2024 மே மாதத்தில் பதக்‌ஷானில் பயிரை அழிக்க வந்தவர்களை மக்கள் எதிர்த்து நின்றதில் உயிர்கள் போயின. ஹராமைத் தடுப்பது ஆட்சியாளர் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பஞ்ச காலத்தில் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்ததாக அறியப்படும் உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரியில், மாற்று வாழ்வுக்கு வழிசெய்வதும் அந்தக் கடமையின் பாதிதான் என்பதே என் வாதம்.

பொதுமன்னிப்பைப் பற்றி: முன்னாள் அரசு ஊழியர்களும் படைவீரர்களுமாகக் குறைந்தது 218 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதை, ஆட்சி கைமாறிய நாளிலிருந்து 2023 ஜூன் வரையிலான காலத்தில் ஆப்கானிலுள்ள ஐ.நா. தூதுக்குழு பதிவு செய்தது. அமான் (பாதுகாப்பு வாக்குறுதி) கொடுத்தபின் அதை மீறுவது ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) எவ்வளவு பெரிய குற்றம் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. மேலிடம் உத்தரவிட்டதா இல்லையா என்று விவாதிக்கலாம். கொன்றவர்கள் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

முதல் ஆட்சியையும் கேட்டிருந்தீர்கள். 1998 ஆகஸ்டில் மஸாரே ஷரீஃப் வீழ்ந்தபோது ஹஸாரா இன ஷியா முஸ்லிம்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். முந்தைய ஆண்டு அதே வட்டாரத்தில் தாலிபான் கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தனர் என்பது அதற்கான சமாதானமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் படுகொலையும் உண்மைதான். ஆனால் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் கூறும்போது, கொன்ற தளபதியை விட்டுவிட்டுக் கடைத்தெருவில் நின்ற ஹஸாராவைச் சுடுவதைக் கிஸாஸ் என்று எந்த மத்ஹபும் சொல்லாது.

அபூ ஸுஹைல்

சகோதரி எழுதிய மருத்துவச்சிப் பயிற்சித் தடையை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. அதற்கு ஆதாரம் காட்டும்படி கேட்டால் காட்ட யாராலும் முடியாது என்றே கருதுகிறேன். இருந்தாலும் என் அடிப்படைக் கருத்து இதுதான்: நாற்பது ஆண்டுப் போருக்குப் பின் நாட்டின் எல்லா மாகாணங்களும் ஒரே ஆட்சியின் கீழ் அமைதியாக இருப்பது சாதாரண நிஃமத் (அருட்கொடை) அல்ல. அமீரின் தவறுகளை உலகமறியத் தூற்றினால் ஃபித்னாவே (குழப்பமே) மிஞ்சும். உள்ளிருக்கும் உலமாக்கள் தனிமையில் நஸீஹத் (அறிவுரை) செய்து திருத்த இடம் கொடுப்பதே சரியான வழி.

பழைய வாசகன்

அந்த வழியும் முயலப்பட்டதுதான். 2001இல் பாமியான் சிலைகளை உடைக்க முற்பட்டபோது, ஷைகு யூசுஃப் அல் கர்ளாவி உள்ளிட்ட உலமாக்கள் குழு தாலிபான் தலைமை இருக்கும் கந்தஹாருக்கே நேரில் சென்று வேண்டாம் என்று சொன்னது, சிலைகள் உடைக்கப்பட்டன. பல்கலைக்கழகத் தடை ஷரீஅத்துக்கு முரணானது என்று அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் 2022 டிசம்பரிலேயே அறிவித்தார். இஸ்லாமிய ஒத்துழைப்பு நிறுவனமும் அந்தத் தடையைக் கண்டித்தது. இவர்களெல்லாம் வெளியாட்கள் என்று சொன்னால், ஷேர் முஹம்மத் அப்பாஸ் ஸ்தானிக்ஸய் வெளியாள் அல்லவே? தோஹா பேச்சுவார்த்தையில் தாலிபான் தரப்பை முன்னின்று நடத்தியவர், அப்போது வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்தவர். 2025 ஜனவரியில் கோஸ்த் நகரில் ஒரு மதரஸா நிகழ்ச்சியில், பெண் கல்வியைத் தடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை, மக்கள்தொகையில் பாதிப் பேருக்கு அநீதி இழைக்கிறோம் என்று பேசினார். சில நாட்களில் அவர் நாட்டைவிட்டு வெளியேறிய செய்தி வந்தது. இயக்கத்தின் உள்ளிருந்து, உலமாக்கள் முன்னிலையில் சொன்னவருக்கே இதுதான் நிலை என்றால், நீங்கள் சொல்லும் நஸீஹத் கந்தஹாரை எந்த வழியில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.